முதலிடம் எய்தாத புகழ்ப்பாடல்கள்

பாட்டின் வரலாறு எழுதப் புகுவோர்க்கு இக்காலத்தே எளிதிற் கிடைக்கும் சான்று ஒன்று உண்டு. அது, மேலைநாட்டு இசையிதழ்கள் வாரந்தோறும் வெளியிட்டுவரும் வரிசைப் பட்டியலாகும். இன்ன வாரத்தில் இன்ன பாட்டு முதலிடம் பெற்றது என்று அப்பட்டியல் ஐயத்திற்கு இடமின்றிக் கூறுகின்றது. எண்ணால் உரைக்கப்படுதலின் அதனை மறுத்துரைப்பார் அரியர். 1990களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவிய பாடல்களைப் பற்றி எழுதுவோர் பலரும் இம்முதலிடத்தையே தலையாய சான்றாகக் கொள்கின்றனர். ஆயின், அப்பத்தாண்டிற் பிறந்து இன்றுவரை மக்கள் நாவில் நிலைத்துள்ள பாடல்களுள் பல, தம் காலத்தில் முதலிடத்தை எய்தியவை அல்ல. சில, பட்டியலில் இடமே பெறாதவை. இம்முரண் எவ்வாறு தோன்றிற்று என்பதையும், பாட்டாராய்ச்சி செய்வார்க்கு அஃது உணர்த்துவது யாது என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்பொருள்

முதற்கண், ஈண்டு ஆளப்படும் சொற்கள் சிலவற்றின் பொருளை வரையறுத்துக் கொள்வோம். ஒரு பாட்டையோ, ஒரு பாட்டும் அதற்குத் துணையாகச் சில பாட்டும் சேர்ந்ததையோ தனியே பதித்து விற்கும் தட்டினை ஆங்கிலத்தார் 'சிங்கிள்' என்பர். தனிப்பாடல் என்னும் சொல் நம் இலக்கிய வழக்கில் வேறு பொருள் தந்து நிற்றலின், மயக்கம் நீங்குதற்பொருட்டு இதனைத் 'தனித்தட்டு' என்றே வழங்குவோம். பத்தும் அதற்கு மேலுமாகப் பாடல்களைத் தொகுத்து விற்கும் 'ஆல்பம்' என்பதனைத் 'தொகைத்தட்டு' என்போம். தனித்தட்டு விலை குறைந்தது; தொகைத்தட்டு அதனினும் பன்மடங்கு விலையுடையது. இவ்விலை வேறுபாடு பின்னர் யாம் கூறவிருக்கும் செய்தி ஒன்றற்கு அடிப்படையாதலின் அதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

பட்டியலின் தோற்றமும் அளவுமுறையும்

இங்கிலாந்தில் இத்தகைய பட்டியல் 1952ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் 'நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்' என்னும் இதழில் முதன்முதலாக வெளிவந்தது. இதழைச் சார்ந்தார் சில கடைகளைத் தொலைபேசியில் அழைத்து, மிகுதியாக விற்கும் தட்டுகள் எவை எனக் கேட்டுத் தொகுத்ததே அப்பட்டியல். பின்னர் முறைகள் திருந்தின. எனினும், 1990கள் முடியும்வரை இங்கிலாந்துப் பட்டியல் அளந்தது ஒன்றே ஒன்றனை: அவ்வாரத்தில் கடைகளில் விற்ற தனித்தட்டுகளின் எண்ணிக்கை. வானொலியில் ஒரு பாட்டு எத்துணை முறை ஒலித்தது என்பது அக்கணக்கிற் சேரவில்லை.

அமெரிக்கப் பட்டியலின் முறை வேறு. 'பில்போர்டு' இதழ் 1958ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தொடங்கிய 'ஹாட் 100' என்னும் பட்டியல், விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் கூட்டிக் கணக்கிட்டது. நெடுங்காலம் கடைக்காரரும் நிலையத்தாரும் கூறியதே கணக்காயிருந்தது. 1991ஆம் ஆண்டின் இறுதியில் அம்முறை மாறியது. கடையில் தட்டின்மேல் உள்ள பார்கோட்டைக் கருவி படித்துப் பதிவுசெய்யும் விற்பனைக் கணக்கும், வானொலியில் ஒலிக்கும் பாட்டைக் கருவியே கேட்டு இனங்காணும் ஒலிபரப்புக் கணக்கும் அடிப்படையாயின. ஆகவே 1990களின் அமெரிக்கப் பட்டியல் முந்தைய பட்டியல்களினும் நுண்மை வாய்ந்தது. ஆயினும் பழைய விதி ஒன்று அதன்கண் எஞ்சி நின்றது. தனித்தட்டாக விற்பனைக்கு வாராத பாட்டு, எத்துணை வானொலி நிலையங்களில் ஒலிப்பினும், ஹாட் 100 பட்டியலிற் சேர்க்கப்படாது என்பதே அவ்விதி.

இவ்விரு முறைகளையும் உளங்கொண்டு நோக்குமிடத்து, புகழ்ப்பாடல் ஒன்று முதலிடம் எய்தாமைக்குரிய காரணங்களை மூவகையாகப் பகுக்கலாம். ஒன்று, வாரப் போட்டி. இரண்டு, விதியின் தடை. மூன்று, பரவும் வேகத்தின் வேறுபாடு. இவற்றை முறையே காண்போம்.

வாரப் போட்டி

முதலிடம் என்பது ஒப்பீட்டால் வருவது. ஒரு பாட்டின் விற்பனை மிகுதியாயிருத்தல் மட்டும் போதாது. அதே வாரத்தில் வேறொன்று அதனினும் மிகுதியாக விற்காதிருத்தலும் வேண்டும். இதற்கு 1995ஆம் ஆண்டின் இங்கிலாந்துப் பட்டியல் நல்ல எடுத்துக்காட்டாகும்.

அவ்வாண்டு மே மாதத்தில் பல்ப் என்னும் குழுவினர் 'காமன் பீப்பிள்' என்னும் பாட்டை வெளியிட்டனர். செல்வர் வீட்டுப் பெண்ணொருத்தி ஏழையரின் வாழ்வை வேடிக்கையாக வாழ்ந்துபார்க்க விழைதலைக் கடிந்துரைப்பது அப்பாட்டு. அக்காலத்து இங்கிலாந்தின் வகுப்பு வேற்றுமையைப் பேசும் பாடல்களுள் இன்றும் முதற்கண் எண்ணப்படுவது அதுவே. ஆயின் அஃது இரண்டாமிடத்தோடு நின்றது. மேலே நின்றது, ராப்சன், ஜெரோம் என்னும் தொலைக்காட்சி நடிகர் இருவர் பாடிய 'அன்செயின்டு மெலடி' என்னும் பழம்பாட்டு. 1955ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றில் தோன்றிய அப்பாட்டை அந்நடிகர்கள் தாம் நடித்த தொடர் ஒன்றிற் பாட, அதனைக் கேட்டோர் தட்டாகவும் வேண்டினர். அவ்வாண்டில் இங்கிலாந்தில் மிகுதியாக விற்ற தனித்தட்டு அதுவே.

அவ்வாண்டு நவம்பரில் இதே நிகழ்ச்சி மீண்டும் நிகழ்ந்தது. ஓயாசிஸ் குழுவினரின் 'ஒண்டர்வால்' வெளிவந்து இரண்டாமிடம் பெற்றது. முதலிடத்தில் நின்றோர் அந்நடிகர் இருவரே. அவர்கள் அப்போது பாடியது, 1953ஆம் ஆண்டில் பிராங்கி லெய்ன் பாடிப் பதினெட்டு வாரம் முதலிடத்தில் நிறுத்திய 'ஐ பிலீவ்' என்னும் பாட்டு. ஆக, புதுமையால் புகழ்பெற்ற இரு குழுவினரின் சிறந்த பாடல்கள் இரண்டும், 1950களின் பழம்பாட்டுகள் மீண்டும் ஒலித்தமையால் கீழே நின்றன. இதனால் பழம்பாட்டின் விற்பனை பொய் என்று கூறுதல் பொருந்தாது. தொலைக்காட்சி கண்டோர் மகிழ்ந்து வாங்கியமை உண்மையே. ஆயின் இன்று கித்தார் பயிலத் தொடங்கும் இளைஞர் பலர் முதலிற் பழகும் பாட்டு ஒண்டர்வாலாக இருக்கின்றது. வாரத்தின் வெற்றி வேறு, வழக்கில் நிலைபேறு வேறு என்பது இதனால் விளங்கும்.

1997ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெர்வ் குழுவினரின் 'பிட்டர் ஸ்வீட் சிம்பனி' பட்டியலிற் புகுந்தபோதும் இரண்டாமிடமே வாய்த்தது. அதே வாரத்தில், கொலையுண்ட தோழரை நினைந்து பஃப் டாடி முதலியோர் பாடிய இரங்கற்பாட்டு முதலிடத்திற் புகுந்தது. ஒரு வாரம் முன்னரோ பின்னரோ வெளிவந்திருப்பின் நிலைமை வேறாகியிருக்குமோ என்னும் வினா இயல்பாகவே எழும். அவ்வினா எழுதற்கு இடமிருத்தலே, முதலிடம் பாட்டின் இயல்பை மட்டும் பொறுத்ததன்று என்பதற்குச் சான்றாகும். இசைநிறுவனத்தாரும் இதனை அறிந்தே இருந்தனர். 1995 ஆகஸ்டில் பிளர் குழுவினரின் தட்டும் ஓயாசிஸ் குழுவினரின் தட்டும் ஒரே நாளில் வெளியிடப்பட்டு, நாட்டுச் செய்தியாகவே ஆயின. முன்னது ஏறத்தாழ 2,74,000 படியும் பின்னது 2,16,000 படியும் விற்றன. இரண்டாமிடம் பெற்ற பாட்டினை இரண்டு லட்சத்திற்கு மேற்பட்டோர் ஒரே வாரத்தில் வாங்கினர் என்பதை அவ்வாரச் செய்திகள் ஏனோ அழுத்திக் கூறவில்லை. தோல்வி என்றே கூறின.

விதியின் தடை

இனி இரண்டாவது காரணத்தை நோக்குவோம். முதற்காரணத்தினும் இஃது ஆராய்ச்சியாளர்க்கு மிகுந்த இடர் விளைப்பது.

1990களின் நடுவில் அமெரிக்க இசைநிறுவனங்கள் வாணிக நுட்பம் ஒன்றனைக் கையாளலாயின. வானொலியில் ஒரு பாட்டு நாடெங்கும் ஒலிக்குமாறு செய்துவிட்டு, அப்பாட்டைத் தனித்தட்டாக விற்காது விட்டனர். அதனை விரும்பியோர் விலைமிக்க தொகைத்தட்டினை வாங்குவதன்றி வேறு வழியில்லாது போயிற்று. பட்டியலின் விதியோ, தனித்தட்டு இல்லையேல் இடமில்லை என்றது. இதன் விளைவாக, நாட்டில் மிகுதியாகக் கேட்கப்பட்ட பாடல்களே பட்டியலில் இல்லாதனவாயின.

நோ டவுட் குழுவினரின் 'டோன்ட் ஸ்பீக்' என்னும் பாட்டு அமெரிக்க வானொலி ஒலிபரப்புப் பட்டியலில் 1996ஆம் ஆண்டின் இறுதி தொடங்கிப் பதினாறு வாரம் முதலிடத்தில் நின்றது. அதனை உள்ளடக்கிய தொகைத்தட்டும் தொகைத்தட்டுகளின் பட்டியலில் முதலிடம் பெற்றது. இங்கிலாந்தில் தனித்தட்டாக விற்கப்பட்டமையின் அங்கு 1997இல் அப்பாட்டு முதலிடம் எய்தியது. ஆயின் அமெரிக்க ஹாட் 100 பட்டியலில் அப்பாட்டின் பெயரே இல்லை. முதலிடமும் இல்லை, நூறாமிடமும் இல்லை.

கூ கூ டால்ஸ் குழுவினர் 1998இல் திரைப்படம் ஒன்றிற்காகப் பாடிய 'ஐரிஸ்' என்னும் பாட்டு ஒலிபரப்புப் பட்டியலில் பதினெட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதுவும் அவ்வாண்டின் பெரும்பகுதி ஹாட் 100 பட்டியலிற் காணப்படவில்லை. 1998 டிசம்பரில் அவ்விதியை இதழார் நீக்கினர். தனித்தட்டு இல்லாத பாட்டும் ஒலிபரப்பால் இடம்பெறலாம் என்றாயிற்று. அப்போது ஐரிஸ் தன் உச்சத்தைக் கடந்து இறங்கிக் கொண்டிருந்தது. ஆதலின் ஒன்பதாமிடமே அதற்குக் கிடைத்தது. பட்டியலை மட்டும் படிப்பவர்க்கு அஃது ஓரளவு விரும்பப்பட்ட பாட்டாகவே தோன்றும்.

நட்டலி இம்ப்ரூலியா 1997இல் பாடிய 'டார்ன்' என்னும் பாட்டின் வரலாறு பாடவேறுபாடு ஆராயும் நம்மனோர்க்குச் சுவை பயப்பது. அப்பாட்டு முதற்கண் தட்டில் வந்தது 1993இல் டேனிய மொழியில். பாடியவர் லிஸ் சோரன்சன் என்னும் பெண்மணி. 1995இல் அதனை இயற்றியோரின் எட்னாஸ்வாப் என்னும் அமெரிக்கக் குழு ஆங்கிலத்தில் வெளியிட்டது. அதன்பின்னரே இம்ப்ரூலியாவின் குரலில் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தில் பத்து லட்சம் படிகளுக்கு மேல் விற்றும் இரண்டாமிடத்திற்கு மேல் ஏறவில்லை. அது புகுந்த வாரத்தில் முதலிடத்தில் நின்றது அக்வா குழுவினரின் 'பார்பி கேர்ள்'. அமெரிக்காவிலோ ஒலிபரப்புப் பட்டியலில் பதினொரு வாரம் முதலிடம் பெற்றும், விதி மாறியபின் ஹாட் 100 பட்டியலில் அது பெற்ற மிக உயர்ந்த இடம் நாற்பத்திரண்டு. ஒரே பாட்டு, ஒரு நாட்டில் வாரப் போட்டியாலும் மற்றொரு நாட்டில் விதியாலும் தடையுண்டமை ஈண்டு நோக்கத்தக்கது.

தொகையுட் சேராத பாட்டு இல்லாத பாட்டு ஆகாது என்பதனை நாம் அறிவோம். தகடூர் யாத்திரை போன்ற நூல்கள் முழுவடிவில் கிடையாது, திரட்டு நூலிலும் உரையாசிரியர் மேற்கோளிலும் எஞ்சிய செய்யுட்களால் மட்டுமே அறியப்படுவன. ஒரு தொகையை மட்டும் நோக்கி ஒரு காலத்து இலக்கியத்தின் எல்லையை வரையறுப்பார் எத்தகைய பிழைக்கு ஆளாவரோ, அத்தகைய பிழைக்கே ஒரு பட்டியலை மட்டும் நோக்குவாரும் ஆளாவர். ஆண்டுகள் பல கழிந்து, ஒலிபரப்புக் கணக்கு அழிந்து, ஹாட் 100 ஒன்றே எஞ்சுமாயின், 1996ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கர் எதனைக் கேட்டனர் என்னும் வினாவிற்குப் பிழையான விடையே கிடைக்கும்.

பரவும் வேகத்தின் வேறுபாடு

மூன்றாவது காரணம் பாட்டு மக்களிடையே பரவும் முறையைப் பற்றியது. சில பாடல்கள் வெளிவந்த வாரத்திலேயே பெருவிற்பனை கண்டு, விரைந்து மறையும். சில மெல்லப் பரவி நெடுநாள் நிற்கும். வாரக்கணக்கு முன்னவற்றிற்கு முதலிடம் தரும். பின்னவற்றிற்குத் தருதல் அரிது. ஒரு லட்சம் படி ஒரு வாரத்தில் விற்பதும், பத்து வாரத்தில் விற்பதும் வாங்குவோர் எண்ணிக்கையில் ஒன்றே; பட்டியலில் அவை ஒன்றல்ல.

இதற்குத் தலையாய சான்று 'ஹவ் டு ஐ லிவ்' என்னும் பாட்டு. டயான் வாரன் இயற்றிய இதனை 1997இல் திரைப்படம் ஒன்றிற்காகப் பதினான்கு வயதினரான லியன் ரைம்ஸ் பாடிப் பதிவுசெய்தார். படத்தார் அதனை ஏற்காது, டிரிஷா யியர்வுட் என்பாரைப் பாடச் செய்து அக்குரலையே படத்திற் சேர்த்தனர். இரு பதிவுகளும் ஒரே காலத்தில் வெளிவந்தன. யியர்வுட்டின் பதிவு கிராமிய இசைப் பட்டியலில் இரண்டாமிடம் பெற்றது. கிராமிய இசைக்குரிய கிராமி விருதும் அதற்கே கிடைத்தது. ரைம்ஸின் பதிவோ ஹாட் 100 பட்டியலில் மெல்ல ஏறி, 1997 டிசம்பரில் இரண்டாமிடத்தை எட்டியது. இளவரசி டயானாவின் மறைவையொட்டி எல்டன் ஜான் பாடிய 'கேன்டில் இன் த விண்ட் 1997' அப்போது மேலே நின்றது. அவ்விரங்கற்பாட்டு முதலிடத்தில் இருந்தது பதினான்கு வாரம். ரைம்ஸின் பாட்டு பட்டியலில் இருந்ததோ அறுபத்தொன்பது வாரம். அவற்றுள் முதற் பத்து இடங்களுக்குள் நின்றது முப்பத்திரண்டு வாரம். இவ்விரண்டும் அந்நாள்வரை எப்பாட்டும் எய்தாத அளவு. அறுபத்தொன்பது வாரம் என்னும் எல்லையை 2009ஆம் ஆண்டிலேயே வேறொரு பாட்டு கடந்தது. ஓராண்டிற்கு மேலாக மக்கள் விடாது வேண்டிய பாட்டு, ஒரு வாரமேனும் முதலிடம் பெறவில்லை.

ஷானியா ட்வெய்ன் 1998இல் பாடிய 'யூ ஆர் ஸ்டில் த ஒன்' என்பதும் இவ்வகையினது. அஃது ஒன்பது வாரம் இரண்டாமிடத்தில் நின்றும் முதலிடத்தை எய்தவில்லை. முதலிடம் பெற்ற பாடல்களுள் ஒரே வாரத்தோடு இறங்கியவை பல உள. முதலிடம் ஒன்றனையே அளவாகக் கொள்வார், ஒரு வாரத்துப் பாட்டை ஒன்பது வாரத்துப் பாட்டினும் மேலாக மதிக்க நேரும்.

விதி மாறிய பின்னர்

இதுகாறும் கூறியவற்றை உறுதிப்படுத்தும் சான்று ஒன்று உண்டு. மரையா கேரி 1994இல் பாடிய 'ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்துமஸ் இஸ் யூ' என்னும் பாட்டு அவ்வாண்டு இங்கிலாந்தில் இரண்டாமிடம் பெற்றது. ஈஸ்ட் 17 குழுவினரின் பாட்டு அதனைத் தடுத்தது. அமெரிக்காவில் தனித்தட்டாக விற்கப்படாமையின் பட்டியலில் இடமே பெறவில்லை. ஆக, மேற்கூறிய இரு தடைகளும் அதற்கு ஒருங்கே நேர்ந்தன. பின்னர், இணையவழிப் பதிவிறக்கமும் கேட்பும் பட்டியல்களிற் சேர்க்கப்பட்டன. ஆண்டுதோறும் டிசம்பரில் மக்கள் அப்பாட்டைக் கேட்டுவந்தமை, அதுவரை கடைக்கணக்கிற் பதியாதிருந்தது, இப்போது பதியலாயிற்று. 2019 டிசம்பரில் அமெரிக்காவிலும், 2020 டிசம்பரில் இங்கிலாந்திலும் அப்பாட்டு முதலிடம் எய்தியது. இடையே இருபத்தைந்து ஆண்டுகள். பாட்டில் ஓரெழுத்தும் மாறவில்லை, குரலும் அதுவே. மாறியவை அளவுகோலும் வழக்கின் வளர்ச்சியுமே.

முதலிடத்தின் உண்மைப் பொருள்

இங்ஙனம் கூறுதலால், முதலிடம் பொருளற்றது என்பது எம் கருத்தன்று. பட்டியல் பொய் கூறவில்லை. இன்ன வாரத்தில், இன்ன விதிக்குட்பட்டு, இன்ன வகையால் அளந்தபோது, முதலில் நின்றது இது என்பதே அது கூறும் செய்தி. அக்கூற்று உண்மை. 'அக்காலத்து மக்கள் மிகுதியாக விரும்பிய பாட்டு இது' என்று நாம் அதனை மொழிபெயர்த்துக் கொள்ளும்போதே பிழை புகுகின்றது. பிழை சான்றினுடையதன்று, சான்றை வினவாது ஏற்போருடையது.

ஆதலின் இத்துறையில் ஆய்வு செய்யப் புகும் மாணவர் பட்டியலைக் கையாளுங்கால் நான்கு வினாக்களை முதலில் எழுப்புதல் நலம். பட்டியல் எதனை அளந்தது, விற்பனையையா, ஒலிபரப்பையா, இரண்டனையுமா? எப்பாட்டு அதனுட் புகவும் தகுதியற்றதாக விதிக்கப்பட்டது? அவ்வாரத்தில் உடன் நின்றவை யாவை? அப்பாட்டு எத்துணை வாரம் பட்டியலில் வாழ்ந்தது? இந்நான்கற்கும் விடை கண்டபின்னரே பட்டியலின் எண் சான்றாகும். அதற்கு முன்னர் அது வெறும் எண்ணே.

முடிவுரை

1990களின் ஆங்கிலப் பாடல்களுள் முதலிடம் எய்தாது புகழ்பெற்றவற்றை நோக்கி, அவை தடையுண்ட காரணங்கள் மூன்று எனக் கண்டோம். காமன் பீப்பிள், ஒண்டர்வால் ஆகியன வாரப் போட்டியால் கீழ்நின்றன. டோன்ட் ஸ்பீக், ஐரிஸ் ஆகியன விதியால் விலக்குண்டன. ஹவ் டு ஐ லிவ் மெல்லப் பரவி நெடுநாள் வாழ்ந்தமையால், வாரக்கணக்கில் மேலிடம் பெறவில்லை. இக்காரணங்களுள் ஒன்றேனும் பாட்டின் குறையைச் சுட்டுவதன்று. பட்டியலை இயற்றியவர் கடைக்காரர்க்கும் வானொலியார்க்கும் பயன்படவே அதனை இயற்றினர். பின்வரும் வரலாற்றாசிரியர்க்காக அன்று. பிறிதொரு நோக்கத்திற்காக எழுந்த ஆவணத்தைத் தன் நோக்கத்திற்குக் கொள்ளும் ஆய்வாளன், அதன் எல்லையை அறிந்தே கொள்ளுதல் வேண்டும். அங்ஙனம் கொள்வானாயின், முதலிடம் பெற்ற பாடல்களோடு பெறாத பாடல்களும் தமக்குரிய இடத்தை வரலாற்றிற் பெறும்.